சீனக் கண்ணாடி மூக்குப்பொடிக் குப்பிகள்: சேகரிக்கத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

சீனர்கள் மூக்குப்பொடியை டப்பியில் வைக்காமல் குப்பியில் வைத்தது ஏன்?

ஐரோப்பியர் பயன்படுத்திய டப்பியைத் திறந்தால், உள்ளே உள்ள பொடி முழுவதன் மீதும் காற்றுப் படும். ஈரப்பதம் மிகுந்த கோடைக்காலத்தில் அந்தப் பொடி விரைவில் கட்டிதட்டி மணத்தை இழந்துவிடும். சீனாவிலோ மருந்துப் பொடிகளைக் குறுகிய வாயுள்ள சிறு குப்பிகளில் அடைத்துவைக்கும் வழக்கம் முன்பே இருந்ததால், புதிதாக வந்த மூக்குப்பொடியும் அப்படியே குப்பிக்குள் சென்றது. இக்குப்பிகள் பெரும்பாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரம் கொண்டவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. மூடியின் அடியில் ஒரு தக்கையும், அந்தத் தக்கையில் செருகப்பட்ட மெல்லிய கரண்டியும் இருக்கும். கரண்டியால் சிறிது பொடியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மீதோ ஒரு சிறு தட்டிலோ வைத்து உறிஞ்சுவார்கள். குப்பியை அகன்ற சட்டைக்கையின் மடிப்பிலோ இடுப்புக் கச்சையில் தொங்கும் சிறு பையிலோ வைத்துக்கொள்வார்கள். விளிம்புகள் எங்கும் உறுத்தாதபடி இழைக்கப்பட்டிருப்பதற்கும், கையில் எடுத்தவுடன் விரல்கள் தாமாகவே தடவத் தொடங்குவதற்கும் இந்தப் பயன்பாடே காரணம்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

புகையிலை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலிப்பைன்ஸ் வழியாகச் சீனாவின் ஃபூஜியான் கடற்கரைக்கு வந்தது. புகைபிடித்தல் மிங் பேரரசின் கடைசி ஆண்டுகளிலேயே தடைசெய்யப்பட்டது. பின்வந்த சிங் பேரரசர் காங்ஷி (ஆட்சிக்காலம் 1661–1722) புகைபிடித்தலை வெறுத்தபோதிலும், மூக்குப்பொடியை உடலுக்கு நன்மை தரும் பொருளாகவே கருதினார். 1684ஆம் ஆண்டு தெற்கு நோக்கிச் சுற்றுப்பயணம் சென்ற அவரிடம் நான்ஜிங் நகரில் இருந்த இயேசு சபைத் துறவிகள் சில பரிசுகளை அளித்தபோது, மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்குப்பொடியை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்ற குறிப்பு உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வாங் ஷிஜென் என்ற கவிஞரும் அதிகாரியுமானவர், பொடியை அடைக்கும் கண்ணாடிக் குப்பிகள் சிவப்பு, ஊதா, மஞ்சள், வெள்ளை, கறுப்பு, பச்சை ஆகிய நிறங்களில் இருந்தன என்றும், தந்தக் கரண்டியால் பொடியை எடுத்து முகர்ந்தார்கள் என்றும், அவை அனைத்தும் அரண்மனையில் செய்யப்பட்டவை என்றும் பதிவுசெய்திருக்கிறார். அரண்மனைப் பழக்கம் அதிகாரிகளுக்கும், அவர்களிடமிருந்து வணிகர்களுக்கும் பரவி, 19ஆம் நூற்றாண்டில் நாடெங்கும் பொதுவாகிவிட்டது. 1911–12இல் சிங் ஆட்சி வீழ்ந்தது, சிகரெட்டும் பெருகியது, பொடி போடும் வழக்கம் அத்துடன் தேய்ந்தது.

ஜேடு, அகேட் போன்ற கற்கள், பீங்கான் என எத்தனையோ பொருள்களில் குப்பிகள் இருக்க, கண்ணாடியைத் தனியாகச் சேகரிப்பது ஏன்?

சீனக் கண்ணாடிக் கலையின் மிகச் சிறந்த காலமும் மூக்குப்பொடிக் குப்பியின் காலமும் ஒன்றே என்பதுதான் முதன்மையான காரணம். காங்ஷி 1696ஆம் ஆண்டு பெய்ஜிங்கில், அரண்மனையைச் சூழ்ந்த அரச நகருக்குள் ஒரு கண்ணாடிப் பட்டறையை அமைக்கச் செய்தார். அதை நிறுவி நடத்தும் பொறுப்பு ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த கிலியான் ஷ்டும்ப் என்ற இயேசு சபைத் துறவிக்குத் தரப்பட்டது. உலைக் கலைஞர்களில் பலர் ஷாண்டோங் மாகாணத்தின் போஷான் என்ற ஊரிலிருந்து வந்தார்கள். அந்த ஊரில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கண்ணாடித் தொழில் நடந்துவந்தது. தெற்கே குவாங்ஜோவிலிருந்தும் சிலர் வரவழைக்கப்பட்டார்கள். ஐரோப்பிய உலை அறிவும் போஷான் கைத்திறனும் சீனக் கல்செதுக்குக் கலையும் ஒரே கூரையின் கீழ் சந்தித்ததால் விளைந்தவை இக்குப்பிகள்.

அரண்மனைக்கு இவை வெறும் அலங்காரப் பொருள்கள் அல்ல. மங்கோலிய இளவரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்ட அரசப் பரிசுகள். 1755இல் பேரரசர் சியான்லாங் ரெஹே கோடைக்கால அரண்மனையில் வழங்குவதற்காக 500 கண்ணாடிக் குப்பிகளும் 3000 பிற கண்ணாடிப் பொருள்களும் செய்யுமாறு உத்தரவிட்டார். அவ்வளவு பெரிய அளவில் செய்யப்பட்டதாலேயே நல்ல கண்ணாடிக் குப்பி ஒன்று இன்றும் தனிநபரின் கைக்கு எட்டுகிறது. அரண்மனைத் தரமுள்ள பழைய ஜேடைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

கண்ணாடிக் குப்பிகளில் எத்தனை வகைகள் உள்ளன?

ஒரே நிறக் கண்ணாடி, மற்றொரு பொருளைப் போலத் தோற்றமளிக்கும் கண்ணாடி, ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறத்தை ஏற்றிச் செதுக்கிய மேலடுக்குக் கண்ணாடி, எனாமல் வண்ணம் தீட்டியது, உட்புறத்தில் ஓவியம் தீட்டியது என்று பொதுவாகப் பிரிக்கலாம். இரண்டாம் வகையில் ஜேடு, பவளம், அம்பர், மரகதம், நீலக்கல் ஆகியவற்றைப் போன்றவை அனைத்தும் உண்டு. செம்புத் துகள்கள் மின்னும் அவெஞ்சுரைன் கண்ணாடி வெனிஸ் நகரின் தனிச்சிறப்பாக இருந்தது. அதைப் பெய்ஜிங் பட்டறையில் செய்துகாட்டும் முயற்சி 1740களில் அங்கே பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபையினரான ப்ரோஸார், தாங்கார்வில் ஆகியோரின் காலத்தில் வெற்றி பெற்றது. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குப் பழக்கமான மனோசிலை என்ற கனிமத்தின் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் சுழல்களைக் காட்டும் கண்ணாடியும் இவ்வகையில் மிகவும் விரும்பப்படுவது. உண்மையான மனோசிலை வெளிச்சம் பட்டால் நாளடைவில் மஞ்சள் தூளாக உதிர்ந்துவிடும், நச்சுத்தன்மையும் உடையது. கண்ணாடியோ முன்னூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே நிறத்தில் நிற்கிறது.

மேலடுக்குக் கண்ணாடி எவ்வாறு செய்யப்பட்டது?

ஊதப்பட்ட வெள்ளைக் கண்ணாடிக் குமிழியின் மீது, இளகிய நிலையில் உள்ள மற்றொரு நிறக் கண்ணாடியை முழுவதுமாகப் போர்த்துவார்கள். அல்லது வேண்டிய இடங்களில் மட்டும் வெவ்வேறு நிறத் துண்டுகளை ஒட்டுவார்கள். இரு கண்ணாடிகளும் ஆறும்போது சுருங்கும் அளவு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், எவ்வளவு மெதுவாக ஆறவைத்தாலும் மேலடுக்கு பிளந்துவிடும். இந்தக் கட்டத்திலேயே உடைந்து போனவை எத்தனையோ இருந்திருக்கும்.

ஆறிய குப்பி உலைக்காரரின் கையிலிருந்து செதுக்குபவரின் கைக்குப் போகும். அவர் உளியைப் பயன்படுத்துவதில்லை. கால்மிதியால் சுழலும் சிறு உலோகச் சக்கரங்களின் விளிம்பில் நீருடன் கடினமான கல்தூளைச் சேர்த்து, வேண்டாத மேலடுக்கைச் சிறிது சிறிதாகத் தேய்த்து நீக்குவார். ஜேடு கல்லைக் கடையும் முறையும் இதுவே. இறுதியில் வெள்ளைத் தரையின் (அடிக்கண்ணாடியின்) மேல் சிவப்பு மீன்களோ, நீல டிராகன்களோ, பச்சைத் தாமரை இலைகளோ புடைத்து நிற்கும். தரைக்கண்ணாடி எப்போதும் வெறும் வெள்ளையாக இருப்பதில்லை. பனித்துகள் தூவியதுபோல் வெண்புள்ளிகளும் நுண்குமிழிகளும் மிதக்கும் தரை 18ஆம் நூற்றாண்டுக் குப்பிகளில் அடிக்கடி காணப்படுவது. சிவப்பு மேலடுக்கோடு அது சேரும் அழகை வேறெந்தச் சேர்க்கையும் எட்டவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரே குப்பியில் ஐந்தாறு நிறங்கள் பக்கம்பக்கமாக இருப்பதும் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்குகள் இருப்பதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாங்ஜோ நகரோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு பாணி தோன்றியது. மெல்லிய மேலடுக்கில் ஓவியம்போல நுணுக்கமான காட்சிகளும் எழுத்துகளும் சிறு முத்திரைகளும் செதுக்கப்பட்டிருப்பதால், சேகரிப்பாளர்கள் அதை ‘முத்திரைப் பள்ளி’ என்கிறார்கள்.

ஒரு மேலடுக்குக் குப்பி பழையதா, நல்ல வேலையா என்று எவ்வாறு அறிவது?

அடியில் உள்ள எழுத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு அறிவுரைதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாகவே இருக்கட்டும். குப்பியை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, உருவங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் மீது ஒளி வழுக்கிச் செல்வதைக் கவனியுங்கள். சிறந்த கைவினைஞரின் தரை ஒரே சீராக வளைந்து செல்லும்; உருவத்தின் ஓரத்தை நெருங்கும்போதும் பள்ளமோ அலையோ இராது. அவசர வேலையில் உருவத்தைச் சுற்றிச் சக்கரம் தோண்டிய குழிவு ஒரு வாய்க்கால்போல ஓடும். அடுத்து, உருவங்களின் ஓரத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். சக்கரத்தால் வெட்டிய ஓரம் கூர்மையாகவும் தெளிவாகவும் இருக்கும். அமிலத்தால் அரித்துச் செய்த நவீனக் குப்பிகளில் ஓரங்கள் கரைந்தவைபோல் மழுங்கியிருக்கும். இலை நரம்புகளின் ஆழம் எங்கும் ஒன்றாகவே இருக்கும். தரையும் சற்று மங்கலாகத் தெரியும். அச்சில் வார்த்தவற்றில் பக்கவாட்டில் இணைப்புக் கோடு தெரியக்கூடும்.

பிறகு அடிவிளிம்பையும் கழுத்தையும் பாருங்கள். வெளியுருவத்தைச் செதுக்கியவர் கால்விளிம்பையும் அதே அக்கறையோடு முடித்திருக்கிறாரா என்பது பெரிய சான்று. இயல்பான தேய்மானம் பல திசைகளிலும் ஆழம் மாறிமாறியும் இருக்கும். மணற்தாளால் உண்டாக்கிய ‘பழமை’ ஒரே திசையில் ஓடும். குமிழிகள் இருப்பது பழமைக்குச் சான்று என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். இன்றைய மலிவான கண்ணாடியிலும் குமிழிகள் ஏராளமாக உண்டு.

பேரரசரின் ஆட்சிக்கால முத்திரை இருந்தால் அது அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதானே?

இல்லை. சியான்லாங் காலத்து நான்கெழுத்து முத்திரை அவருக்குப் பின் இருநூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வெட்டப்பட்டுவருகிறது. சில இடங்களில் பழைய காலத்தின் மீதான மதிப்பால், பல இடங்களில் விற்பனைக்காக. முத்திரையில்லாத உண்மையான பழைய குப்பியின் அடியில் பிற்காலத்தில் முத்திரை சேர்க்கப்படுவதும் உண்டு. மிகச் சிறந்த 18ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிக் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் முத்திரையே இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் ஆசை குறையும். முத்திரை இருக்குமானால், அதன் வெட்டும் குப்பியின் மற்ற வேலையும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மேலே அற்புதமான செதுக்கல் இருந்து, அடியில் நடுங்கும் கோடுகளில் எழுத்து இருந்தால், அவை ஒரே கையால் வந்தவை அல்ல.

எனாமல் தீட்டிய கண்ணாடிக் குப்பிகளுக்கு ஏன் இவ்வளவு விலை?

செய்வதற்கு மிகக் கடினமானவை என்பதால்தான். எனாமல் வண்ணம் உருகிப் படியும் வெப்பநிலையும் கண்ணாடி இளகத் தொடங்கும் வெப்பநிலையும் மிக நெருக்கமானவை. சூடு சற்றுக் குறைந்தால் வண்ணம் ஒட்டாது. சற்றுக் கூடினால் குப்பி சரிந்து உருக்குலையும். பல வண்ணங்களுக்குப் பல முறை சுட வேண்டியிருந்ததால், ஒவ்வொரு முறையும் இந்த ஆபத்து உண்டு. சியான்லாங் காலத்து அரண்மனைப் பட்டறையில் ஐரோப்பியப் பெண்ணின் உருவம் தீட்டப்பட்ட ஒரு குப்பி, 2011 நவம்பரில் ஹாங்காங்கில் நடந்த போன்ஹாம்ஸ் ஏலத்தில் 2 கோடியே 53 லட்சம் ஹாங்காங் டாலருக்கு விற்று, அதுவரை எந்த மூக்குப்பொடிக் குப்பியும் எட்டாத விலையைப் பெற்றது. அது மேரி, ஜார்ஜ் பிளாக் தம்பதியரின் புகழ்பெற்ற தொகுப்பைச் சேர்ந்தது.

இவ்வகையில் ‘குயுவே ஷுவான்’ என்ற பெயர் பொறித்தவற்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. அது பெய்ஜிங்கை அடுத்த யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தில் சியான்லாங் கட்டுவித்த ஒரு மண்டபத்தின் பெயர். அந்தப் பெயர் தாங்கிய குப்பிகளுக்குக் கிராக்கி மிகுந்திருந்த காலத்தில், பெய்ஜிங்கின் யே குடும்பத்தைச் சேர்ந்த யே பெங்சி 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் அதே பாணியில் எனாமல் குப்பிகளைச் செய்தார். வல்லுநர்களையே நெடுங்காலம் குழப்பிய வேலை அது. இன்று அவருடைய குப்பிகள் அவர் பெயரிலேயே விரும்பி வாங்கப்படுகின்றன. தொடக்கநிலையில் உள்ளவர் இந்த வகையை வாங்காமல், அருங்காட்சியகத்தில் பார்த்து மகிழ்வதே நல்லது.

உட்புறத்தில் ஓவியம் எவ்வாறு தீட்டினார்கள்? அவற்றைச் சேகரிக்கலாமா?

தாராளமாகச் சேகரிக்கலாம். முதலில் குப்பிக்குள் இரும்புத் துகள்களையும் தேய்ப்புத் தூளையும் நீருடன் இட்டு நெடுநேரம் குலுக்கி, உட்சுவரைச் சொரசொரப்பாக்குவார்கள். வழவழப்பான கண்ணாடியில் வண்ணம் நிற்காது. பின் நுனி வளைந்த மெல்லிய மூங்கில் கோலைக் குறுகிய வாய் வழியாக நுழைத்து, கண்ணாடியின் பின்புறத்திலிருந்து இடவலம் மாற்றி வரைவார்கள். முன்னால் தெரிய வேண்டிய கோட்டை முதலில் போட்டுப் பின்னணியைக் கடைசியில் பூச வேண்டும். தவறிய கோட்டை மறைக்க வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெய்ஜிங்கில் பணியாற்றிய சோ லெயுவானின் நிலக்காட்சிகளும், டிங் எர்ஜோங்கின் ஓவியங்களும், மா ஷாவோஷுவானின் உருவப்படங்களும் இக்கலையின் உச்சங்கள். யே குடும்பத்தாரிடம் பயின்ற வாங் ஷிசான் ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் பகுதியில் வளர்த்தெடுத்த பள்ளி இன்றும் செயல்படுகிறது. புதிய குப்பியைப் புதியது என்று அறிந்து, வரைந்தவரின் திறமைக்காக வாங்குவதில் குறையேதும் இல்லை. பழைய ஓவியரின் கையொப்பத்தைப் போலியாக இட்ட குப்பிகள் மிக அதிகம் என்பதால், கையொப்பத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

மூடி பிற்காலத்தது என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம். மூடிகள் உடைவதும் தொலைவதும் மாறுவதும் இயல்பு. முதலில் இருந்த மூடியோடு வரும் குப்பி அரிது. பொருத்தமான அளவும் நிறமும் உள்ள பழைய மூடி போதும். பவளம்போலத் தோன்றுவது பல நேரம் சிவப்புக் கண்ணாடியாகவே இருக்கும். அது குற்றமில்லை, விலையில் மட்டும் அது தெரிய வேண்டும்.

எந்தச் சேதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எதை விலக்க வேண்டும்?

கால்விளிம்பில் சிறு சிதிலம், உட்புறத்தில் பொடிக்கறை, மேற்பரப்பில் நுண்கீறல்கள் ஆகியவை பயன்பாட்டின் சுவடுகள், பொறுத்துக்கொள்ளலாம். வாய்விளிம்பு உடைந்தபின் அதைத் தேய்த்துச் சமப்படுத்திய குப்பியில் கழுத்து குட்டையாகி, உருவத்தின் அளவுப்பொருத்தம் கெட்டுவிடும். இத்தகையவை பழுதற்றவைபோல விற்கப்படுவதால் கழுத்தைக் கூர்ந்து பாருங்கள். புடைப்பு உருவத்தின் ஒரு பகுதி உடைந்தபின் மீண்டும் செதுக்கப்பட்டதா என்பதை, அந்த இடத்தில் மட்டும் தரை தாழ்ந்திருப்பது காட்டிக்கொடுக்கும். பிசினால் நிரப்பிய இடங்கள் புறஊதா விளக்கின் கீழ் பெரும்பாலும் வேறாக ஒளிரும்.

இவற்றிலிருந்து வேறுபட்டது கண்ணாடி நோய். காங்ஷி காலத்து ஆரம்பக் கண்ணாடி சிலவற்றில் காரப்பொருள் மிகுந்தும் சுண்ணாம்பு குறைந்தும் இருந்ததால், அவை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளிருந்தே வலைபோன்ற நுண்விரிசல்களை அடைகின்றன. மேற்பரப்பு வழுவழுவென்று ஈரமாக இருப்பது அதன் முதல் அறிகுறி. இந்நோயைக் குணப்படுத்த முடியாது. ஈரப்பதத்தை நிலையாக வைத்து, பரவும் வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். நம் கடலோர ஊர்களின் தட்பவெப்பத்தில் இத்தகைய குப்பியை வாங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

எவ்வாறு சுத்தம் செய்து பாதுகாப்பது?

பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெளிப்புறத்தை மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உட்புற ஓவியம் உள்ள குப்பிக்குள் ஒரு துளி நீரும் போகக்கூடாது; எனாமல் குப்பியையும் நீரில் ஊறவைக்கக்கூடாது. தக்கை இறுகியிருந்தால் முறுக்கித் திறக்க முயன்று கழுத்தை உடைத்தவர்கள் பலர். அதை அப்படியே விட்டுவிடுங்கள். குப்பிகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனிப் பள்ளங்கள் உள்ள பெட்டியில் வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழைய ஏல எண்ணையும் தொகுப்பாளரின் சீட்டையும் உரித்தெறியாதீர்கள். குப்பி யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்பதற்கு அவையே சாட்சி.

சட்டச் சிக்கல்கள் உண்டா?

உண்டு. 1911ஆம் ஆண்டுக்கு முற்பட்ட தொல்பொருள்களைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுசெல்ல அந்நாட்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. எனவே பயணத்தின்போது அங்கே ‘பழையது’ என்று வாங்கும் குப்பி உண்மையிலேயே பழையதானால் சிக்கல், புதியதானால் ஏமாற்றம். ஏற்கெனவே பல பத்தாண்டுகளாக வெளிநாடுகளில் இருந்துவரும் தொகுப்புகளிலிருந்து, ஆவணங்களோடு வாங்குவதே சரியான வழி. பல குப்பிகளின் கரண்டி யானைத் தந்தத்தால் ஆனது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது; பிற நாடுகளிலும் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. வாங்கும்முன் கரண்டி எதனால் ஆனது என்று எழுத்தில் கேட்டு, தந்தமென்றால் அதை நீக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

நல்ல குப்பிகளை எங்கே பார்க்கலாம், யாரிடம் கற்கலாம்?

பெய்ஜிங், தைப்பே நகரங்களின் அரண்மனை அருங்காட்சியகங்களில் அரசத் தொகுப்புகள் உள்ளன. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் சிறந்த குப்பிகள் இருக்கின்றன. அவற்றின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். 1968இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சீன மூக்குப்பொடிக் குப்பிச் சங்கம் நெடுங்காலமாக ஓர் ஆய்விதழை வெளியிட்டுவருகிறது. படங்களைவிடப் பயன் தருவது ஏலத்துக்கு முந்தைய பார்வை நாள்கள்: வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் குப்பிகளைக் கையிலெடுத்துப் பார்க்க அனுமதிப்பார்கள். கண்ணாடியின் கனத்தையும் உட்குடைவின் அளவையும் விரல்கள் அறிந்துகொள்ள வேறு வழியில்லை.

குறைந்த பணத்தில் முதல் குப்பியாக எதை வாங்குவது?

செதுக்கலே இல்லாத, ஒரே நிறமுடைய, முத்திரையற்ற குப்பி ஒன்றை வாங்குங்கள். மஞ்சளோ, ஆழ்ந்த சிவப்போ, நீலமோ, எண்பட்டையாக இழைத்ததாகவோ எளிய தட்டை வடிவிலோ இருக்கலாம். அலங்காரம் இல்லாத குப்பியில் வடிவத்தின் பொருத்தம், பட்டைகளின் நேர்மை, மெருகின் ஆழம், கால்விளிம்பின் ஒழுங்கு ஆகியவை மறைய இடமின்றித் தெரியும். இதே தரத்தில் உள்ள மேலடுக்குக் குப்பியைவிட இதற்கு விலை பெரும்பாலும் குறைவு. மலிவான மேலடுக்குக் குப்பிகள் பத்து வாங்கும் பணத்தைச் சேர்த்துவைத்து, இத்தகைய ஒன்றை நம்பகமான விற்பனையாளரிடம், காலத்தையும் பழுதுகளையும் குறிப்பிட்ட ரசீதோடும் திருப்பிக் கொடுக்கும் உரிமையோடும் வாங்குங்கள்.